அவித்த முட்டையும் அடைத்த மடையும்

உலகத்தில் நியாயம் என்பது யார் செய்தார்கள் என்று பார்த்து வழங்கப்படுவதில்லை. யார் கையில் சேறு இருக்கிறது என்று பார்த்து வழங்கப்படுகிறது. யோசனை சொன்னவர்களின் கைகள் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. (படித்த புத்தகம் எதுவும் ஆபத்துக்கு உதவவில்லை என்பது வேறு விஷயம்.) நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்கு அந்தாண்டை, ஒரு வயலின் ஓரத்தில், வாய் நிறைய முட்டையோடு நின்று கற்றுக்கொண்டேன்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தப்பாகவே சொல்லிவருகிறார்கள். அதில் எனக்கு இழைக்கப்பட்டவை இரண்டு அநியாயங்கள். ஒன்று, நான் சொல்லாத யோசனைக்கு எனக்குப் பழி. இரண்டு, நான் செய்யாத தியாகத்துக்கு எனக்குப் புகழ். பழியையாவது பொறுத்துக்கொள்ளலாம், பழகிவிடும். இந்தப் புகழைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வாசகர்கள் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்லவும்.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். அப்பா இயந்திரங்களோடு மல்லுக்கட்டினார். நான் அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் கோப்புகளோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று வாயசைப்பேன். என் குரலைப் பற்றிப் பாட்டு மாஸ்டர் ஞானப்பிரகாசம் சார் எதுவும் சொன்னதில்லை. ஆனால் பாட்டு தொடங்குமுன் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "தொண்டைங்கறது வயல் மாதிரிப்பா. ஈரம் பட்டாத்தான் விளையும்" என்பார். அதனால் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை தொடங்கும் மார்கழித் தூறலில், குழுவையே எங்காவது வெளியே நடக்க அழைத்துப்போவார். நடந்து திரும்பியதும் பாதிப் பேருக்குச் சளி பிடிக்கும். மீதிப் பேரை வைத்துக்கொண்டு, பார்த்தாயா குரல் எப்படித் தெளிந்திருக்கிறது என்பார்.

அந்த வருடம்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது எங்கள் குழுவின் ஸ்டெல்லா ஆன்ட்டி. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வயது வந்துவிட்டது என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்துகொள்கிறவர். அவருடைய அக்கா மகள் சுகந்தி, முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் அப்பாவோடு இருந்தாள். தாய் இல்லாத பெண். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போட்டோ பார்த்தேன். பார்த்த அன்றிலிருந்து எனக்கு அலுவலகத்தில் கூட்டல் வரவில்லை.

ஆனால் சுகந்தி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பட்டுப் புடவை கட்டி, கேசரித் தட்டோடு வந்து நிற்கமாட்டாளாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எல்லா ஆணும் நல்லவனாகத்தான் தெரிவானாம். நாலு பேரோடு நடந்துபோகும்போதுதான் ஆள் எப்படி என்று தெரியுமாம். (இப்போது யோசித்தால் சரியான வாதம்தான். அப்போது அப்படித் தோன்றவில்லை. உட்கார்ந்திருப்பதில்தான் எனக்கு ஓரளவு திறமை உண்டு.) ஆகவே பாடகர் குழுவின் நடைக்கு சுகந்தியும் அவள் அப்பா தங்கராஜும் விருந்தாளிகளாக வருவதென்றும், சாயங்காலம் ரயிலேறுவதற்குள் பெண் தன் முடிவைச் சொல்லிவிடுவதென்றும் ஏற்பாடு.

அதுவரை எங்கே நடப்பது என்று முடிவாகவில்லை. ஒத்திகையில் அந்தப் பேச்சு வந்தபோது நான் எழுந்து நின்றேன். நெமிலிச்சேரியில் இறங்கினால் வயல், வயலைத் தாண்டினால் காடு, காட்டைத் தாண்டினால் ஏரி. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வரப்பும் எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் அங்கேதான் உலாவுகிறேன் என்றேன். நானே வழிகாட்டி என்று தீர்மானமாயிற்று. அந்த வயல்களை எனக்குத் தெரியும் என்பது பொய்யில்லை. மின்சார ரயிலின் ஜன்னல் வழியாக வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இறங்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அம்மா இரண்டு கட்டளை போட்டார். அப்பாவின் தோல் ஷூவைப் போட்டுக்கொள்ள வேண்டும். புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. "பைத்தியம்னு நினைச்சிக்கப் போறாங்க" என்றார்.

வானொலியில் ஓரிரு இடங்களில் லேசான தூறல் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஓரிரு இடங்களும் நான்தான் என்பது நெமிலிச்சேரியில் இறங்கியதும் தெரிந்தது. மழை என்றும் சொல்ல முடியாது. வானம் தும்மியதுபோல ஒரு பிசுபிசுப்பு. தங்கராஜ் அங்கிள் தபால் இலாகாக்காரர். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். சுகந்தி போட்டோவைவிட நன்றாக இருந்தாள். அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க நிறையப் படிப்பீங்களாமே?"

"இல்லை இல்லை. எப்பவாவதுதான்" என்றேன், குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டதுபோல.

"அப்படியா. சித்தி வேற மாதிரி சொன்னாங்க" என்றாள். அவள் முகம் வாடியது. அம்மாவின் முதல் கட்டளை காலைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கட்டளை கழுத்தை அறுத்தது.

வரிசையாக வரப்பில் நடந்தோம். முன்னால் நான், எனக்குப் பின்னால் சுகந்தி, அவளுக்குச் சற்றுப் பின்னால் அவள் அப்பா, அதற்குப் பின்னால் குடையும் செருப்பும் பாட்டுமாக மற்ற எல்லோரும். எவர்சில்வர் தூக்குவாளி நிறைய அவித்த முட்டைகளோடு ஸ்டெல்லா ஆன்ட்டி. எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு என் நண்பன் பால்ராஜ். கட்டைக் குரல்காரன், அவன் மெதுவாகப் பேசினாலே ரயில் வருகிறதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓர் இடத்தில் வரப்புக்கு ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் சின்னதாக ஒரு வயல். பயிர் எதுவும் கிடையாது. வெறும் சேறு, சந்தனம் பூசியதுபோல வழவழவென்று மட்டமாக இருந்தது. நடுவில் ஒரு குச்சியை நட்டு, பழைய சட்டை ஒன்றை மாட்டியிருந்தார்கள். காலியாகக் கிடக்கிற சேற்றுக்கு எதற்குக் காவல் என்று எங்களில் ஒருவராவது யோசித்தோமா? காற்றில் அந்தச் சட்டை கையை ஆட்டியது. பால்ராஜ் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

அங்கேதான் வரப்பு அறுந்திருந்தது. அறுந்திருந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு தப்படி அகலத்துக்கு வரப்பை வெட்டி, அந்தச் சேற்று வயலில் விழுந்த மழைத்தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும்படி யாரோ மடை திறந்துவிட்டிருந்தார்கள். நான் ஒரே தாவாகத் தாவினேன். (ஷூவில் ஒன்று அந்தப் பக்கமே தங்கிவிட்டது. சுகந்தி எடுத்துக் கொடுத்தாள். இதைப் போன்ற அவமானங்களை எழுதினால் கட்டுரை நீளும்.) புடவை கட்டிய பெண்களால் தாவ முடியாது.

இப்போது வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். தங்கராஜ் அங்கிள் குடைக் காம்பால் செருப்புச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மடைக்கு அந்தப் பக்கம் சுகந்தி. இந்தப் பக்கம் நான். அவள் மெல்லிய குரலில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சித்திக்கு முட்டி வலி. எப்படித் தாண்டுவாங்க? பக்கத்துலயே இவ்ளோ சேறு கிடக்கே. அள்ளிப் போட்டா அடைஞ்சிடாதா?"

இதுதான் அந்த வாக்கியம். ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. யோசனை யாருடையது? இடம் காட்டியது யார்? கருவியாகச் சேற்றைச் சிபாரிசு செய்தது யார்?

நான் செய்தது ஒன்றுதான். அடைத்தேன். அதை மட்டும் எப்படி அடைத்தேன் என்று கேளுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி, கிடந்த பனைமட்டை ஒன்றைக் குறுக்கே கொடுத்து, ஈர வைக்கோலை இண்டு இடுக்கில் திணித்து, அதற்கு மேல் சேற்றை அள்ளி அள்ளி வைத்து, காலால் மிதித்து இறுக்கினேன். வாழ்க்கையில் நான் முழுமையாகச் செய்த வேலை என்று ஒன்று உண்டென்றால் அதுதான். ஒரு சொட்டுக் கசியவில்லை. பெண்கள் எல்லோரும் பாதம் நனையாமல் நடந்துபோனார்கள். தங்கராஜ் அங்கிள் நடுவில் நின்று குடை நுனியால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்து, "ஸ்ட்ராங்கா இருக்கு தம்பி" என்றார். முத்திரை விழுந்துவிட்டது. சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த நிமிடத்தில் தங்கராஜ் அங்கிள் சம்மதித்தால் இந்த ஜில்லாவிலுள்ள எல்லா மடையையும் அடைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

காட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காடு என்றதும் மற்றவர்கள் பெரிய மரங்களை எதிர்பார்த்திருந்தார்கள். இருந்தவை இடுப்பளவு முட்புதர்களும், வரிசையாக நட்டுவைத்த தைல மரங்களும். ஒவ்வொரு புதரும் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டால் சட்டைக்குள் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்திலெல்லாம் நான் யோசிக்காமல் ஒரு பக்கம் திரும்பினேன். வழிகாட்டி யோசிக்கிறான் என்று தெரிந்தால் மற்றவர்கள் பயந்துவிடுவார்கள். நான் நடந்த வேகத்தைப் பார்த்து ஏரியே எதிரே வந்து நின்றது. மாஸ்டர் கரையில் நின்று ஈரக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, இருமி, இனி திரும்பலாம் என்றார். தூறல் மழையாகியிருந்தது. சாப்பிட உலர்ந்த இடமே இல்லை. வரும்போது அந்தச் சேற்று வயலுக்கு எதிரே ஒரு மோட்டார் கொட்டகையைப் பார்த்தோமே, அங்கே போய்ச் சாப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பும் வழியில் வரப்பில் வழுக்கி விழுந்தேன். முதல்முறை விழுந்தபோது சுகந்தி "பாத்து" என்றாள். அடுத்தமுறை ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது முழங்கை வரைக்கும் சேறு.

கொட்டகையில் நெருக்கிக்கொண்டு நின்றோம். எதிரே அழகான குளம் ஒன்று மழையில் புள்ளி புள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் குச்சியில் மாட்டிய சட்டை முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

"போறப்ப இந்தக் குளம் இல்லியே?" என்றார் மாஸ்டர்.

வழிகாட்டிக்கு இதைவிட மோசமான கேள்வி கிடையாது. "இது வேற வழி சார்" என்றேன்.

"கொட்டகை அதே கொட்டகைதானே மச்சான்?" என்றான் பால்ராஜ்.

"இந்தப் பக்கம் எல்லாக் கொட்டகையும் ஒரே மாதிரிதான் கட்டுவாங்க" என்றேன். கேள்வி அதோடு நின்றது. தன்னம்பிக்கையோடு சொல்லப்படும் முட்டாள்தனத்தைப் பாடகர் குழு எப்போதும் மதிக்கும். சுகந்தி மட்டும் அந்தச் சட்டையைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், அப்புறம் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் பசி.

கூரை விளிம்பில் ஒழுகிய தண்ணீரில் கையைக் கழுவலாம் என்று நீட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஆன்ட்டி முட்டைத் தூக்கோடு வந்து நின்றார். மாப்பிள்ளை பசியோடு நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லையாம்.

"கை கழுவறதெல்லாம் அப்புறம். வாயத் தொறங்க" என்று சொல்லி, உரித்த முட்டை ஒன்றை முழுசாக உள்ளே வைத்து, ஆசீர்வாதம் கொடுப்பதுபோல என் தாடையையும் தட்டி மூடிவிட்டார். நாட்டுக்கோழி முட்டை என்று சமாதானம் சொல்ல வழியில்லை. நல்ல பெரிய பண்ணை முட்டை.

சரியாக அப்போதுதான் கொட்டகை வாசலில் அவர் வந்து நின்றார். கோணிப்பையை மடித்துத் தலையில் முக்காடாகக் கவிழ்த்திருந்தார். தோளில் மண்வெட்டி. அவர் பெயர் தேசிங்கு என்பதும், அந்த வயல் அவர் குடும்பத்துக்கு எத்தனையோ தலைமுறைச் சொத்து என்பதும் பின்னால் தெரிந்தது. எங்களைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"யாரு மடைய அடைச்சது?"

எங்கள் பாடகர் குழுவில் நான்கு குரல்கள் உண்டு. நான்கும் ஒரே நேரத்தில் ஆரம்பித்ததாகச் சரித்திரம் இல்லை. மாஸ்டர் கையை வீசியபின் பெண்கள் முதலில் வருவார்கள், மற்றவர்கள் வசதிப்படி வந்து சேர்ந்துகொள்வார்கள். அன்றைக்கு மட்டும் எந்தக் கையசைவும் இல்லாமல், ஒரே தாளத்தில், அத்தனை விரலும் என் பக்கம் நீண்டன. அதிலும் முதலில் நீண்ட விரல் யாருடையது?

சுகந்தியுடையது.

இதை அவள் மறுப்பதில்லை. "பயத்துல கை தானா போயிடுச்சு" என்பாள். தானாகப் போகிற கை வேறு பக்கம் போகக்கூடாதா? தன் பக்கமே திரும்பியிருக்கக்கூடாதா?

நான் மனிதன்தானே. கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னிலையில், அவள் அப்பாவின் முன்னிலையில், உண்மையைப் போட்டு உடைப்பதென்று முடிவு செய்தேன். "ஐயா, அடைக்கச் சொன்னது இந்தப் பொண்ணு" என்ற வாக்கியம் முழுவதும் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். திறக்க முடியவில்லை. வெள்ளைக்கரு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மஞ்சள்கரு உடைந்து மாவாகி நாக்கைக் கட்டிப்போட்டது. "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. இருங்கள், சொல்கிறேன் என்ற அர்த்தத்தில் தலையை ஆட்டினேன்.

"தலய ஆட்றான் பாரு, ஒத்துக்கினான்" என்றார் தேசிங்கு. "நேத்துதான் வெத வுட்டேன் சார். மொள கட்டின நெல்லு. மழ வருதேன்னு மடைய வெட்டி உட்டுட்டு, ஊட்டுக்குப் போயி ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு வரதுக்குள்ள ஏரியாட்டம் ஆக்கி வச்சிகிறீங்களே. இன்னா, என் பங்காளி அனுப்பினானா?"

அது காலி வயல் இல்லை. விதைத்து ஒரு நாளே ஆன நாற்றங்கால். தண்ணீர் நின்றால் வேர் பிடிக்காத விதை மிதந்து போய்விடும். அந்தக் குடும்பத்தின் அந்தப் பட்டத்து நெல் மொத்தமும் அந்தச் சின்னச் சதுரத்தில்தான் இருந்தது. மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. எந்தப் பங்காளியையும் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கோயில் பாட்டுக்காரர்கள் என்றார். தேசிங்குக்கு நம்பிக்கை வரவில்லை. "பாட்டு பாடிக்கினே வந்து மடைய அடைச்சிட்டுப் போற கூட்டத்த இப்பதான் பாக்கறேன்" என்று என்னிடம் வந்தார். "யாரு சொல்லி அடைச்ச? சொல்லு நைனா."

கேள்வியைக் கவனித்தீர்களா? யார் சொல்லி அடைத்தாய் என்று கேட்டார். உலகத்திலேயே சரியான கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். பதில் எனக்குத் தெரியும். "ம்ம்ம்" என்றேன், சுகந்தி இருந்த பக்கம் கண்ணை உருட்டினேன்.

அதற்குள் அவர் மனைவி முறத்தோடு ஓடிவந்துவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் இளகியது. "அத்தப் போயி மெரட்டிகினு கீறியே. ஊமப் புள்ளய்யா அது. கண்ணப் பாரு, பாவம்" என்றார்.

பால்ராஜ் மட்டும் சிரித்தான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

ஊமை என்றதும் தேசிங்கு என்னை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். நான் அடைத்த மடையை வெட்டினார். வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். பனைமட்டை நகரவில்லை. நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "அடைச்சது மட்டும் நல்லாத்தான் அடைச்சிகீறான்" என்றார். அலுவலகத்தில் என் வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை எந்த அதிகாரியும் சொன்னதில்லை. ஒருவழியாக மடை திறந்தபோது வாய்க்காலும் நிரம்பியிருந்தது. தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வரப் பார்த்தது. மறுபடி அவரே அடைத்துவிட்டு, இறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

நல்லவேளையாக அதற்குள் மழை விட்டிருந்தது. இறைத்தோம். பாடகர் குழு முழுவதும் வரப்போரமாக வரிசையாக நின்று, குடைகளைத் தலைகீழாக விரித்து மொண்டு வாய்க்காலுக்கு அப்பால் ஊற்றியது. ஸ்டெல்லா ஆன்ட்டி மிச்ச முட்டைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு தூக்குவாளியைக் கொடுத்தார். சுகந்தி புடவையைச் செருகிக்கொண்டு அந்தத் தூக்கால் இறைத்தாள். நின்ற இடத்தை விட்டு நிமிரவில்லை. தொண்டைக்கு ஈரம் வேண்டும் என்று சொன்ன மாஸ்டர் முழங்கால் வரை ஈரத்தில் நின்று, கை அசதி தெரியாமலிருக்கப் பாடச் சொன்னார். யாரும் பாடவில்லை. விதை எல்லாம் ஒரு மூலையில் பாசிபோல ஒதுங்கியிருந்தது. தேசிங்கின் மனைவி அதை முறத்தில் அரித்து அரித்துச் சேர்த்தார். சேறு வெளியே தெரிந்ததும் தேசிங்கு அதை மறுபடி பார்த்துப் பார்த்துத் தூவினார். நூற்றுக்குத் தொண்ணூறு பாகம் தேறும்போல என்று அவர் முணுமுணுத்தபோதுதான் எல்லோரும் முதுகை நிமிர்த்தினோம்.

முட்டை எப்போதோ உள்ளே போயிருந்தது. ஆனால் விசாரணை முடிந்து, தீர்ப்பாகி, தண்டனையும் பாதி அனுபவித்தபின் சாட்சி சொல்லி என்ன பயன்? கிளம்பும்போது, "வரோம்மா, மன்னிச்சிக்கோங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே போட்டுவிட்டார். "ஏய்யா, பேசுது" என்று கணவரைக் கூப்பிட்டார். எங்கள் குழுவின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அற்புதம் நடந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் ஈரத்தோடு நின்றோம். சுகந்தியும் அவள் அப்பாவும் தள்ளி ஒரு பெஞ்சில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் அழுததுபோல இருந்தது. முடிந்தது கதை என்று தெரிந்துவிட்டது. ஒரு குடும்பத்தின் விதைநெல்லை மூழ்கடித்தவனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? போகிறதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டாவது போகலாம் என்று அவரை நோக்கி நடந்தேன். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று என் வருகையை அறிவித்தது. அவரே எழுந்து வந்து, சேறு காய்ந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் தெரியும் தம்பி. அடைக்கச் சொன்னது தான்தான்னு சுகந்தி சொல்லிட்டா. அவ கை காட்டியும் நீங்க அவளைக் காட்டிக் கொடுக்கலை பாருங்க. அந்த ஆளு அத்தனை தடவை கேட்டாரு. உங்க வாயிலருந்து ஒரு வார்த்தை வரலை."

"இல்லை அங்கிள், அது முட்டை."

"முட்டை என்ன தம்பி, வீட்டுக்கு வாங்க, பிரியாணியே போடறோம்" என்றார். அதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? அவருக்குப் பின்னால் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம். ரயில் வந்துவிட்டது.

கல்யாணத்தில் பாடகர் குழு பாடியது. அன்றும் நான்கு குரல்களும் வெவ்வேறு நேரத்தில்தான் வந்து சேர்ந்தன.

அன்றிலிருந்து நான் சொல்லிவருகிறேன். நான் பெருந்தன்மையால் மௌனமாக இருக்கவில்லை. கோள் சொல்வதற்கு முழு மனதோடு முயன்றேன். முட்டை தடுத்துவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் சுகந்தி, "பாத்தியா, இவருக்குப் புகழ்ந்தா பிடிக்காது" என்கிறாள். என் மாமனார் சாகும்வரை நம்பவில்லை. பிள்ளைகள் நம்பவில்லை. தப்புச் செய்யாதவனைக் குற்றவாளி என்றால் மேல்முறையீடு செய்யலாம். உத்தமன் என்றால் எங்கே போய் முறையிடுவது?

தேசிங்கின் வயல் இருந்த இடத்தில் இப்போது மனை பிரித்து வீடு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் என் மகன், "அப்பா அடைச்சது இன்னும் தொறக்கலை போல" என்பான். வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் பிளம்பரைக் கூப்பிடுமுன் எனக்குத்தான் குரல் வரும். நான் ஏதாவது ஒன்றுக்குப் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மகள் கேட்பாள்: "என்னப்பா, பெருந்தன்மையா, முட்டையா?" கிறிஸ்துமஸ் பிரியாணியில் எல்லோருக்கும் பாதி முட்டை. என் தட்டில் மட்டும் முழு முட்டை. சுகந்தி அந்தக் கதையை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து அது என் வாய்க்கு வந்து சேரும்.

ஆகவேதான் இந்த முறை வாயை நம்பாமல் எழுத்தை நம்பினேன். யார் யோசனை சொன்னது, யார் விரல் முதலில் நீண்டது, நான் என்ன சொல்ல வாயைத் திறந்தேன் என்று ஒன்று விடாமல் எழுதி, நேற்று சாயங்காலம் சுகந்தியிடமே படிக்கக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கடைசி வரை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வயசுலயும் உங்களைப் பத்தி எவ்ளோ அடக்கமா எழுதியிருக்கீங்க" என்றாள்.